ஹாலோவீன்: புனிதர் அனைவரின் முன்னிரவும் இலையுதிர்கால வீட்டுக் கொண்டாட்டங்களும்



ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் பாதி கழிந்ததும் ஒரே கேள்வி நம்மிடம் வந்து சேர்கிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குடியேறியிருக்கும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்கிறார்கள்: "சாமி, பள்ளிக்கூடத்தில் ஹாலோவீன் என்று பிள்ளைகளுக்கு வேடம் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா, பாவமா?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது பேயின் திருநாள் என்று எழுதிய துண்டுப் பிரசுரங்கள் ஒருபுறம், வெறும் மிட்டாய் விளையாட்டு என்று சொல்லும் கடைக்காரர்கள் மறுபுறம் என்று நம் மக்கள் குழம்பிப் போயிருப்பதால், அந்த நாளின் வரலாற்றையும் அந்நாடுகளின் கத்தோலிக்க வீடுகளில் அன்று சுடப்பட்ட பலகாரங்களையும் செய்யப்பட்ட கைவேலைகளையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பெயரும் நாளும்

ஹாலோ என்பது புனிதரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். புனிதர் அனைவரின் முன்னிரவு என்னும் பொருளுள்ள தொடரே தேய்ந்து ஹாலோவீன் ஆயிற்று. நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா என்பதால், அதற்கு முந்திய மாலைக்கு இந்தப் பெயர். திருவழிபாட்டு முறைப்படி பெருவிழா முந்திய நாள் மாலைச் செபத்தோடு தொடங்குகிறது. ஆகவே அக்டோபர் 31 மாலை சூரியன் மறையும் வேளையில் திருச்சபை ஏற்கெனவே புனிதர்களின் விழாவுக்குள் நுழைந்துவிடுகிறது.

இந்த விழா முதலில் நவம்பரில் இருக்கவில்லை. உரோமையில் எல்லாத் தெய்வங்களுக்கும் எனக் கட்டப்பட்டிருந்த பாந்தியோன் கோவிலைத் திருத்தந்தை நான்காம் போனிஃபாஸ் 609ஆம் ஆண்டு வாக்கில், மே 13ஆம் நாளில், அன்னை மரியாவுக்கும் எல்லா மறைசாட்சிகளுக்கும் நேர்ந்தளித்தார். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி புனித பேதுரு பேராலயத்தில் எல்லாப் புனிதர்களின் பெயரால் ஒரு சிற்றாலயம் அமைத்தார். 800ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் வடபகுதியிலும் பிராங்கியர் நாடுகளிலும் நவம்பர் 1 விழா வேரூன்றியிருந்தது. 835இல் பேரரசர் பக்தியுள்ள லூயிஸ் தம் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் அதை விரிவுபடுத்தினார். நவம்பர் 2ஆம் நாளில் இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் வழக்கத்தைப் பதினோராம் நூற்றாண்டை ஒட்டிக் குளூனி மடத்தின் அதிபர் புனித ஓடிலோ தம் துறவு மடங்களில் தொடங்கிவைத்தார். அது பின்னர் மேலைத் திருச்சபை முழுவதும் பரவி நம் ஊர்க் கல்லறைத் திருநாளாகவும் ஆயிற்று.

அப்படியானால் பேய்க்கதை எங்கிருந்து வந்தது? அயர்லாந்தில் அக்டோபர் 31 மாலை தொடங்கி சௌவின் என்னும் பருவ விழா இருந்தது உண்மை. கோடை முடிந்து, மேய்ச்சல் நிலத்திலிருந்து மாடுகளை வீட்டுக்கு ஓட்டிவந்து, குளிர்காலத்தைத் தொடங்கும் நாள் அது. அன்று இவ்வுலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலான கதவு திறக்கும் என்று பழைய ஐரியக் கதைகள் சொல்கின்றன. ஆனால் சௌவின் என்பது சாவின் கடவுளுடைய பெயர் என்று பிரசுரங்கள் சொல்வது தவறு. அது பருவத்தின் பெயர். இன்றும் ஐரிய மொழியில் நவம்பர் மாதத்துக்கு அதுதான் பெயர். திருச்சபை அந்த விழாவை மூடிமறைக்கவே நவம்பர் 1ஐத் தேர்ந்தது என்பதும் நிறுவப்பட்டதல்ல. 800ஆம் ஆண்டு வாக்கில் அயர்லாந்தில் எழுதப்பட்ட ஓங்குஸின் புனிதர் நாட்காட்டி, ஐரோப்பாவின் புனிதர் அனைவரது விழாவை ஏப்ரல் 20இல் வைத்திருக்கிறது. சௌவினை மறைக்க வேண்டிய தேவை யாருக்காவது இருந்திருந்தால் அது ஐரியருக்கே இருந்திருக்கும். அவர்களோ வேறொரு நாளில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்!

ஆன்ம அப்பம்

இடைக்கால இங்கிலாந்தில் நவம்பர் முதல் நாள்களில் ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் செல்வார்கள். வீட்டார் அவர்களுக்குச் சிறு அப்பங்கள் கொடுப்பார்கள். பெற்றுக்கொண்டவர்கள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஷ்ரோப்ஷயர் பகுதியில் வாழ்ந்த ஜான் மிர்க் என்னும் குருவின் மறையுரைத் தொகுப்பிலேயே, இறந்தோரின் ஆன்மாக்களுக்காக அன்று ரொட்டி கொடுப்பது பற்றிய குறிப்பு உண்டு. கொடுப்பவர் தர்மம் செய்தார், வாங்குபவர் செபம் செய்தார், உத்தரிக்கிற நிலையில் இருக்கும் ஆன்மா ஆறுதல் பெற்றது. ஒரு சிறு அப்பத்தில் மூவருக்கும் பங்கு இருந்தது. இறந்தோருக்காக மன்றாடுவது நல்லதும் பக்தியுள்ளதுமான செயல் என்று மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் படிக்கிறோமே, அதன் எளிய அடுப்படி வடிவம் இது.

பின்னர் மதச் சீர்திருத்தம் வந்தது. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கப் பொது மன்றாட்டு நூலில் புனிதர் அனைவரின் நாள் இருந்தது, இறந்தோர் நினைவு நாள் இல்லை. அவ்விரவில் இறந்தோருக்காகக் கோவில் மணி அடிப்பதும் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் தடுக்கப்பட்டது. 1605க்குப் பிறகு இங்கிலாந்தில் தீமூட்டும் கொண்டாட்டம் நவம்பர் 5க்குப் போய்விட்டது. ஆயினும் செஷயர், ஷ்ரோப்ஷயர் போன்ற மாவட்டங்களில் அப்பம் கேட்டுப் பாடிவரும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தாண்டியும் நீடித்தது. பாட்டு இருந்தது, அப்பம் இருந்தது, செபம்தான் மெல்ல மெல்ல உதிர்ந்துபோனது. நம் கருத்தில் ஹாலோவீனுக்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுதான். அன்றிரவு பேய் உள்ளே வந்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இறந்தவருக்கான செபம் வெளியே போனதை யாரும் கவனிப்பதில்லை.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் கப்பலேறினார்கள். அவர்களும் ஸ்காட்லாந்தியரும் கொண்டுபோன பழக்கங்களே அமெரிக்க ஹாலோவீனின் அடித்தளம். தாய்நாட்டில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு அங்கே பரங்கிக்காய் கிடைத்தது. பெரியது, குடைவதற்கு எளிது. பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு, அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் காசில்பார் நகரை அடுத்த டர்லோவிலுள்ள நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுருங்கிப்போன கிழவனின் முகம் போன்ற அதன் முன்னால் இன்றைய பரங்கிக்காய் முகங்கள் எல்லாம் சிரித்த முகங்கள்தான்.

"மிட்டாய் கொடு, இல்லையேல் குறும்பு செய்வோம்" என்று பிள்ளைகள் கதவைத் தட்டும் வாசகம் 1920களில் கனடாவின் செய்தித்தாள்களில் காணப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின் சர்க்கரைப் பங்கீடு முடிந்தபின் அது வட அமெரிக்கா முழுவதும் பரவியது. 1950இல் பிலடெல்பியாவில் சில பிள்ளைகள் மிட்டாயோடு காசும் கேட்டு, திரட்டிய 17 டாலரை யுனிசெஃப் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அது பின்னர் நாடளாவிய இயக்கமாயிற்று. அப்பம் வாங்கிப் பிறருக்காக மன்றாடிய பழைய மரபுக்கு அந்தப் பிள்ளைகள் தங்களை அறியாமலே அருகில் வந்துவிட்டார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

அடுப்படியில்

ஐரிய ஹாலோவீன் உணவில் இறைச்சி இல்லாதது ஏன் தெரியுமா? புனிதர் அனைவர் விழாவின் முந்திய நாள் ஒருசந்தியும் சுத்தபோசனமும் அனுசரிக்க வேண்டிய நாளாயிருந்தது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே விதித்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955இல் நாட்காட்டியை எளிமையாக்கியபோது இந்த விழாவின் திருவிழிப்பும் எட்டு நாள் கொண்டாட்டமும் நீங்கின. சட்டம் போய்விட்டது, சமையல் மட்டும் தங்கிவிட்டது. மசித்த உருளைக்கிழங்கில் கேல் கீரையோ முட்டைக்கோஸோ சேர்த்து, நடுவில் குழி செய்து வெண்ணெய் உருகவிடும் கோல்கேனன், அடுத்து ஆப்பிள், அடுத்து பிராக் என்னும் பழ ரொட்டி. எல்லாமே சுத்தபோசனம்.

பார்ம்பிராக் என்று முழுப்பெயர் கொண்ட இந்த ரொட்டியை வீட்டில் செய்வது கடினமல்ல. இலண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள நம் தாய்மார்களுக்கு இது பயன்படும் என்பதால் அளவோடு தருகிறோம். உலர்ந்த திராட்சை வகைகள் 350 கிராம் எடுத்து, 300 மில்லி சூடான, பால் சேர்க்காத கடுந்தேநீரில் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் பழம் உப்பித் தேநீரைக் குடித்திருக்கும். மீந்த தேநீரைக் கொட்டாமல் அப்படியே 225 கிராம் மைதா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி பட்டை, ஜாதிக்காய், கிராம்புத் தூள் சேர்த்துக் கிளறி, வெண்ணெய் தடவிய நீள ரொட்டி அச்சில் ஊற்றி, 170 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுட வேண்டும். நடுவில் குச்சியைச் செருகி எடுத்தால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம் விடலாம். மாவில் வெண்ணெயே இல்லை என்பதால், ஆறியபின் துண்டு போட்டு வெண்ணெய் தடவிச் சாப்பிடுவதே வழக்கம்.

இந்த ரொட்டிக்குள் மோதிரம், நாணயம், துணித்துண்டு, பட்டாணி, குச்சி ஆகியவற்றை ஒளித்துச் சுடுவார்கள். மோதிரம் வந்தவருக்குத் திருமணம், நாணயம் வந்தவருக்குச் செல்வம், துணி வந்தவருக்கு வறுமை என்று கேலி பேசுவார்கள். அயர்லாந்துக் கடைகளில் இன்றும் மோதிரம் வைத்த பிராக் விற்கிறது. இது குறிபார்ப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். மேசையைச் சுற்றிச் சிரித்துவிட்டு மறந்துபோகும் விளையாட்டை விளையாட்டாகவே விடலாம். மோதிரம் வராததால் ஒரு பெண்பிள்ளையின் முகம் வாடினால் மட்டும் அந்த வீட்டில் அது வேண்டாம். வைப்பதானால், பேக்கிங் தாளில் சுற்றி வைத்து எல்லாரிடமும் முன்னமே சொல்லிவிடுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம்.

ஆன்ம அப்பம் இன்னும் எளிது. 175 கிராம் வெண்ணெயையும் 175 கிராம் சர்க்கரையையும் குழைத்து, மூன்று முட்டை மஞ்சள் கரு, 450 கிராம் மைதா, இரண்டு தேக்கரண்டி மசாலாத் தூள், ஒரு கை திராட்சை சேர்த்து, பிசையும் பதத்துக்குச் சிறிது பால் விட்டு, தட்டையாக வட்டமிட்டு, மேலே கத்தியால் சிலுவை கீறி, 180 டிகிரியில் பதினைந்து நிமிடம் சுட்டால் போதும். சிலுவை கீறும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஒவ்வோர் அப்பத்துக்கும் குடும்பத்தில் இறந்த ஒருவரின் பெயரைச் சொல்லச் சொன்னால், பாட்டன் பாட்டியின் பெயரே தெரியாமல் வளரும் பிள்ளைக்கு அன்று நான்கைந்து பெயர்களாவது தெரிந்துவிடும்.

பிற கத்தோலிக்க நாடுகளும் இந்த நாள்களில் அடுப்பை மூட்டுகின்றன. மெக்சிகோவில் எலும்பு வடிவம் வைத்த இறந்தோர் ரொட்டி, ஸ்பெயினின் கத்தலோனியாவில் பாதாம் மாவு உருண்டைகளும் சுட்ட செஸ்ட்நட் கொட்டைகளும், சிசிலியில் பாதாம் மாவில் பழங்களைப் போலவே செய்து வண்ணம் தீட்டிய இனிப்பு. இந்த இனிப்பின் பெயர் பலெர்மோ நகரின் மர்த்தொரானா கன்னியர் மடத்திலிருந்து வந்தது. சிசிலிப் பிள்ளைகள் நவம்பர் 2 காலையில் எழுந்து, குடும்பத்தின் இறந்தவர்கள் கொண்டுவந்து வைத்த பரிசு என்று சொல்லி இனிப்புகளைத் தேடுவார்கள். இறந்த பாட்டியைப் பேயாக நினைத்து அஞ்சாமல், பரிசு கொண்டுவருபவராக நினைத்து வளர்கின்ற பிள்ளைகள் அவர்கள்.

கைவேலைகள்

பரங்கிக்காய் விளக்குக்கு மூடியைச் சரிவாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் சுரண்டி, முகம் வெட்டும் பக்கத்தின் சதையை இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கினால் கத்தி எளிதில் ஓடும். முகத்துக்குப் பதிலாகச் சிலுவை, விண்மீன், புறா என்று வெட்டும் குடும்பங்களும் உண்டு. மெழுகுதிரியைவிடப் பாட்டரி விளக்கு நல்லது. வெட்டிய காய் ஒரு வாரம் நிற்பதே அரிது, ஆகவே மிக முந்தி வெட்ட வேண்டாம். விதைகளைக் கழுவி உப்புப் போட்டு வறுத்தால் நம் ஊர் ருசியே வரும்.

இலையுதிர்காலத்தில் இலைகள் நிறம் மாறுவதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பகல் குறையக் குறைய இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற மரங்களில் சிவப்பு அப்போதுதான் புதிதாக உருவாகிறது. நல்ல இலைகளைப் பொறுக்கி, தாள்களுக்கிடையே வைத்துத் தடித்த புத்தகத்தின் அடியில் ஒரு வாரம் அழுத்தி வைத்தால் தட்டையாகக் காய்ந்துவிடும். அந்நாடுகளின் பல பங்குகளில் நவம்பர் மாதம் முழுவதும் பீடத்தருகே இறந்தோர் பெயர்ப் புத்தகம் வைக்கப்படுகிறது. வீட்டில் அதற்கு ஈடாக, காய்ந்த இலை ஒவ்வொன்றிலும் இறந்தவர் ஒருவர் பெயரை எழுதி, வளையமாகக் கோத்துச் செபமேடைக்கு மேல் தொங்கவிடலாம்.

வேடங்களுக்கு வருவோம். பாரிஸ் மறைமாவட்டம் 2002இல் ஹோலிவின்ஸ் என்ற பெயரில் பிள்ளைகளைப் புனிதர்களாக வேடமிடச் செய்து இந்த மாலையைக் கொண்டாடத் தொடங்கியது. பிலிப்பீன்ஸ் பங்குகளிலும் புனிதர் வேடப் பவனி நடக்கிறது. பழைய சேலை, போர்வை, அட்டை, பசை போதும். குழந்தை தெரசாளுக்குக் காகித ரோஜாக்கள், லாரன்சுக்கு அட்டையில் வெட்டிய இரும்புக் கட்டில், ஜோன் ஆஃப் ஆர்க்குக்கு வெள்ளித்தாள் கவசம். பயமுறுத்தும் வேடம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பையன்கள் இருந்தால் கவலைப்படாதீர்கள். தம் தலையைத் தாமே கையில் ஏந்தி நடந்தவராகச் சித்தரிக்கப்படும் பாரிஸ் ஆயர் புனித டெனிஸ் இருக்கிறார். உரிக்கப்பட்ட தோலைக் கையில் வைத்திருக்கும் பர்த்தலமேயு இருக்கிறார். நம் புனிதர் பட்டியலைவிடத் திகிலான வேடங்கள் எந்தக் கடையிலும் கிடைக்காது!

மண்டையோட்டைக் கண்டு திருச்சபை மிரள்வதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புனித எரோணிமுவின் மேசையில் ஓவியர்கள் மண்டையோடு வரைந்தார்கள். உரோமையில் வியா வெனெத்தோ தெருவிலுள்ள கப்புச்சின் ஆலயத்தின் நிலவறையில் ஏறத்தாழ 3,700 துறவியரின் எலும்புகள் அலங்காரமாகவே அடுக்கப்பட்டுள்ளன. சாவை நினைப்பதற்காக வைத்தார்கள். இன்றைய கடைகளில் தொங்கும் இரத்தம் சொட்டும் பொம்மைகள் சாவை நினைக்க விடுவதில்லை, சாவைக் கேலிப் பொருளாக்குகின்றன. அவற்றை வாங்காமல் விடுவது நல்லது என்பதே நம் எண்ணம்.

விடவேண்டிய ஒன்று

மேலே சொன்னவற்றில் விட்டுக்கொடுத்துப் பேசினோம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அன்றிரவு வளரிளம் பிள்ளைகள் கூடி ஓஜா பலகையை வைத்து ஆவிகளை அழைக்கும் பழக்கம் இருக்கிறது. 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று விளையாட்டுப் பொருளாக விற்கப்பட்ட பலகைதான் அது. ஆனாலும் இறந்தவரை அழைத்து மறைவானதை அறிய முயல்வது இணைச்சட்ட நூல் 18ஆம் அதிகாரம் தடுத்த செயல். மறைக்கல்வி நூலின் 2116ஆம் எண்ணும் இதைத் தெளிவாக விலக்குகிறது. சவுல் அரசர் எந்தோரில் சாமுவேலை எழுப்பச் சொன்ன கதையைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். இறந்தவர்களோடு நமக்குள்ள உறவு கடவுள் வழியாகச் செல்வது. அவர்களுக்காக மன்றாடுகிறோம், புனிதர்களிடம் பரிந்துரை கேட்கிறோம். கட்டளையிட்டு வரவழைப்பதில்லை.

மிட்டாயில் அந்நியர் நஞ்சு வைப்பார்கள் என்ற அச்சம் பெற்றோரிடம் அதிகம். இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அப்படி ஓர் அந்நியரால் பிள்ளை இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றும் இல்லை என்று கண்டார். உண்மையான ஆபத்து சாலையில் இருக்கிறது. இருட்டு, கறுப்பு உடை, முகமூடி மறைக்கும் கண்கள். ஒளி பட்டால் மின்னும் நாடாவை உடையில் ஒட்டி, முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம் தீட்டி, பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

அடுத்த இரு நாள்கள்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நவம்பர் 1 கடன் திருநாள். அமெரிக்காவில் அது சனி அல்லது திங்கள்கிழமையில் வந்தால் திருப்பலிக் கடமை தளர்த்தப்படுகிறது. இரவு மிட்டாய் எண்ணிக் களைத்த பிள்ளையைக் காலையில் எழுப்புவது கடினம் என்பது தெரியும். மாலைத் திருப்பலி பெரும்பாலான பங்குகளில் உண்டு.

நவம்பர் 1 முதல் 8 வரை, எந்தக் கல்லறைத் தோட்டத்துக்கேனும் சென்று இறந்தோருக்காக மனதுக்குள்ளாவது செபிப்பவர், ஒப்புரவு, நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்கான செபம் என்னும் வழக்கமான நிபந்தனைகளோடு, இறந்த ஆன்மாக்களுக்குப் பரிபூரண பலனைப் பெற்றுத் தரலாம். கொள்ளைநோய்க் காலத்தில், 2020இலும் 2021இலும், இது நவம்பர் முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. சொந்த ஊர்க் கல்லறைக்கு வந்து வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்ற முடியவில்லையே என்று வருந்தும் நம் மக்கள், தாங்கள் வாழும் ஊரின் கல்லறைத் தோட்டத்துக்கே போகலாம். அங்கே புதைக்கப்பட்டவர் யாரென்று தெரியாவிட்டாலும் போகலாம். ஆளில்லாத கல்லறை ஏதாவது ஒன்றைத் துடைத்து ஒரு திரி ஏற்றலாம். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும், வட அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பதால் அதற்குப்பின் மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். மதியமே கிளம்புங்கள், காற்றுக்கு அணையாத மூடியுள்ள திரி எடுத்துக்கொள்ளுங்கள். பிராக் ரொட்டி காற்றுப் புகாத டப்பாவில் நான்கைந்து நாள் கெடாது. குளிரில் நின்று செபித்துவிட்டுத் திரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு துண்டு சூடாக்கிக் கொடுக்க, அன்றைக்கென்று கொஞ்சம் எடுத்து வையுங்கள்.